தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம்: வகுப்பாசிரியர் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று ஆசிரியர்கள் மட்டுமே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிதான் என் மனதில் இருப்பது. 14 ஆண்டுகளாக நான் இருப்பதும் அப்படிப்பட்ட பள்ளிகளில்தான்.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு அக்கறையில் குறை இருப்பதில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு பிள்ளை வாடிப்போய் இருப்பதைப் பார்த்ததும் முதல் நாளே கூப்பிட்டு, "என்ன பிரச்சனை உனக்கு?" என்று கேட்கிறார்கள். மறுநாள் அம்மாவை வரச் சொல்கிறார்கள். அன்று ராத்திரி வீட்டில் பிள்ளைக்கு அடி விழுகிறது. மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லை. செய்தவை எல்லாம் செய்ய வேண்டியவைதான், ஆனால் தலைகீழாக நடந்துவிட்டன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு. வருகைப் பதிவேட்டோடு சேராமல் தனியாக இருக்கட்டும். பள்ளி பீரோவில் பூட்டி வையுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். பேருந்தில் தொலைந்தால் ஒரு குடும்பத்தின் கதை ஊருக்கே போய்விடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு எண்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104. தேவைப்படும் நேரத்தில் கை நடுங்கும், தேடிக்கொண்டிருக்க முடியாது.

பேச ஓர் இடம். வேப்பமரத்தடியோ வராந்தாவின் கோடியோ போதும். மற்றவர்கள் பார்க்க முடிய வேண்டும், பேச்சு மட்டும் காதில் விழக்கூடாது. கதவைச் சாத்திய அறை வேண்டவே வேண்டாம். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "பாடத்தை விட்டுட்டு என்ன கதை பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்ற கேள்வி பாதியில் வந்து விழாமல் இருக்கும்.

பிரம்பு மேசை மேல் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை அடிப்பதோடு மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. "மக்கு", "உங்க அண்ணனாவது படிச்சான்" போன்ற பேச்சும் அதில் அடங்கும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடிக்கிற கை எது என்று தெரிந்த பிள்ளை அந்தக் கைக்கு எதையும் சொல்லாது. கீழே வரும் படிகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

2. முதல் இரண்டு வாரம்: வெறுமனே கவனியுங்கள்

யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு எது வழக்கம் என்று தெரியாமல், எது மாறியிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. இயல்பிலேயே அமைதியான பிள்ளை உண்டு. போன மாதம் வரை கத்திக்கொண்டிருந்து இந்த மாதம் அமைதியான பிள்ளையும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

வகுப்புக்குள் உட்கார்ந்து கவனித்தால் அதிகம் தெரியாது. காலையில் பள்ளி வாசல், காலை உணவுப் பந்தி, இன்டர்வெல், சத்துணவு, சாயங்காலம் மணி அடித்ததும் பை எடுக்கும் வேகம். இந்த ஐந்தையும் பாருங்கள். வீட்டுக்குப் போகும் நேரத்தில் பையை மெதுவாக, ரொம்ப மெதுவாக அடுக்கும் பிள்ளையை நான் இரண்டு நாளுக்கு மேல் விடுவதில்லை.

எழுதும்போது கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். "சோகமாக இருந்தாள்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. என் நோட்டில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி இப்படி இருக்கிறது: "செவ்வாய். முட்டையை எடுத்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். இன்டர்வெல்லில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாண்டி ஆடக் கூப்பிட்டதற்குப் போகவில்லை." இரண்டு வாரம் கழித்துப் படித்தால் செவ்வாயும் வியாழனும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். "சோகம்" என்று பத்து முறை எழுதியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொரு பொதுவான தவறு, சேட்டை செய்கிறவர்களை மட்டுமே குறித்துவைப்பது. அவர்கள்தான் கண்ணில் படுவார்கள். எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், கேட்டால் மட்டும் பதில் சொல்லி, நோட்டை அழகாக வைத்திருக்கும் பிள்ளையின் பெயர் மாதம் முழுக்க நோட்டில் ஒருமுறைகூட வந்திருக்காது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பெயர்ப் பட்டியலை வைத்துப் பாருங்கள். யாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையோ, அடுத்த வாரம் அவர்களைக் கவனியுங்கள்.

3. மனதுக்கு முன்னால் உடம்பு

"கவனம் இல்லை", "சொல் பேச்சுக் கேட்பதில்லை", "எப்பப் பாரு அழுகை" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு உடம்பிலிருந்து வருவது. அதைத் தீர்க்காமல் மனநலம் பேசிப் பயனில்லை.

பசியிலிருந்து தொடங்குங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு இருக்கிறது. ஆனால் பிள்ளை பந்தி முடிந்த பிறகு வந்தால் அன்றைக்கு அது இல்லைதானே? தாமதமாக வருகிறவன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு அப்புறம் ஏன் தாமதம் என்று கேளுங்கள்.

அடுத்தது தூக்கம். ஒரே அறை உள்ள வீட்டில் டிவி எத்தனை மணிக்கு அணைகிறதோ அதுதான் பிள்ளை தூங்கும் நேரம். ஊரில் கோயில் கொடை நடக்கும் வாரத்தில் யாரைப் பற்றியும் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கண், காது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் நான் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். திமிர் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தியபோதுதான் நாற்றம் வந்தது. காதில் சீழ். எத்தனை நாளாகவோ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்த மூன்றாவது வாரத்தில் அந்தத் திமிர் காணாமல் போய்விட்டது. பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இப்படிப்பட்டவர்களின் பெயரைத் தனியாக எழுதிக் கொடுங்கள். மொத்தப் பிள்ளைகளையும் வரிசையில் பார்க்கும்போது ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும்.

கழிப்பறையை ஆசிரியர்கள் யாரும் யோசிப்பதில்லை. தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. மத்தியானம் வயிற்று வலி, எரிச்சல், கணக்கில் கவனமின்மை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி ஒரு தாழ்ப்பாள் போட்டால் நான்கு பிள்ளைகளின் "மனநலம்" சரியாகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வயிற்று வலி தொடர்கிறதா? அதுவும் திங்கட்கிழமை மட்டும், அல்லது ஒரு குறிப்பிட்ட பீரியடுக்கு முன்னால் மட்டும்? அது நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். இந்த வயதில் பயம் முதலில் வயிற்றில்தான் தெரியும். வலி உண்மை, காரணம்தான் வேறு இடத்தில் இருக்கிறது.

4. காலையில் 10 நிமிடம்

இது மொத்த வகுப்புக்கும் உரியது, "பிரச்சனை உள்ள" பிள்ளைகளுக்கு மட்டுமானது அல்ல. நான்கு பேரைத் தனியாகப் பிரித்தால் அவர்களுக்கு அன்றே பட்டப்பெயர் வந்துவிடும்.

பிள்ளை உள்ளே வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு ஐஸ் குச்சி. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு பெயர். மேசையில் நான்கு பழைய டப்பாக்கள். இன்று எப்படி இருக்கிறதோ அந்த டப்பாவில் குச்சியைப் போட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

டப்பாவில் என்ன படம் ஒட்டுவது என்பதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். எங்கோ பார்த்து, சந்தோஷத்துக்கு வெயில், வருத்தத்துக்கு மழை என்று ஒட்டினேன். வகுப்பே மழை டப்பாவில் குச்சியைப் போட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மழை என்றால் லீவு, மழை என்றால் கப்பல் விடுவது. வெயிலைத்தான் யாருக்கும் பிடிக்காது! பிறகு பம்பரத்துக்கு மாறினேன்: நன்றாகச் சுற்றுகிறது, தள்ளாடுகிறது, படுத்துவிட்டது. நான்காவது டப்பா கோபத்துக்கு, உலை கொதிக்கிற படம். சிரிக்கும் முகம், அழும் முகம் ஒட்டாததற்கும் காரணம் இருக்கிறது. டீச்சருக்குப் பிடிக்கும் என்று எல்லாரும் சிரிக்கும் முகத்தில்தான் போடுவார்கள். படுத்துக்கிடக்கும் பம்பரத்தில் போடுவதில் யாருக்கும் வெட்கமில்லை.

குச்சியைப் பார்த்த உடனே "ஏன்டா இன்னைக்குப் படுத்துட்ட?" என்று எல்லார் முன்னாலும் கேட்கக்கூடாது. கேட்டால் மறுநாள் முதல் எல்லாப் பம்பரமும் சுற்றும். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் ஒரே டப்பாவில் போட்டால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு சொல் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளிடம் "ஒரு மாதிரி இருக்கு" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. பயம், எரிச்சல், ஏமாற்றம், ஏக்கம், பொறாமை, கூச்சம், அலுப்பு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி பாரம் இறங்கும். "ஏக்கம்" என்ற சொல்லைச் சொன்ன அன்று, அப்பா வளைகுடாவில் இருக்கும் ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை, "மிஸ், போன் வெச்சதுக்கு அப்புறம் வருமே, அதுவா?" என்று கேட்டது. அதேதான் என்றேன்.

5. மூச்சுப் பழக்கம், அமைதியாக இருக்கும் நேரத்தில்

சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவதுபோல் மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விட வேண்டும். ஐந்து முறை போதும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் உடம்பு அடங்கும். தினமும் பிரேயர் முடிந்ததும் செய்யுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் முதல்முறையாகக் கற்றுத்தரப் பார்த்தால் எரிச்சல்தான் கூடும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது.

6. தனியாகப் பேசுவது

இப்போதுதான் பேச்சு. நோட்டில் குறைந்தது நான்கைந்து குறிப்புகள் சேர்ந்த பிறகு. (உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. நேரே 8-ஆம் படிக்குப் போங்கள்.)

எதிரெதிரே உட்காராதீர்கள், அது விசாரணை. பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளையின் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்: புளியங்கொட்டை பிரிப்பது, கலர் பென்சில் சீவுவது, நோட்டுக்கு அட்டை போடுவது. கை ஓடும்போது வாய் திறக்கும். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

"ஏன்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தான் ஏன் அப்படி இருக்கிறோம் என்று தெரியாது. அந்தச் சொல்லும் வீட்டில் அடிக்கு முன்னால் வரும் சொல்தான். பார்த்ததைச் சொல்லுங்கள், அப்புறம் சும்மா இருங்கள். முட்டையைக் கொடுத்துவிட்ட அந்தப் பிள்ளையோடு நடந்தது இப்படி:

"செவ்வாக்கெழம முட்டைய பக்கத்துப் பாப்பாவுக்குக் குடுத்ததப் பாத்தேன்."

பேச்சு இல்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் இருபது வரை எண்ணினேன்.

"பிடிக்கல மிஸ்."

"ம்."

இன்னும் ஒரு பென்சில்.

"செவ்வாக்கெழம தாத்தா சந்தைக்குப் போயிட்டுக் குடிச்சிட்டு வரும். அத நெனச்சா சோறு எறங்காது."

செவ்வாயும் வியாழனும் பக்கத்து ஊர்களில் சந்தை நாட்கள். நான் "ம்" என்பதற்குப் பதிலாக "முட்டை சாப்பிட்டாத்தான் உடம்புக்கு நல்லது கண்ணு" என்று சொல்லியிருந்தால் அந்தக் கடைசி வரி வந்திருக்காது. புது ஆசிரியர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதுதான். மௌனத்தைத் தாங்க முடியாமல் அறிவுரையால் நிரப்பிவிடுகிறார்கள்.

சொன்ன பிறகு சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "இத என்கிட்ட சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்ல." குடும்பத்தைத் திட்டாதீர்கள். "சே, என்ன மனுஷன் அவர்!" என்றால் பிள்ளை உடனே தாத்தா பக்கம் போய்விடும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சில விஷயங்களை நீங்கள் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். அன்று வாக்கு உடையும், பிள்ளை அடுத்த முறை எந்தப் பெரியவரிடமும் பேசாது. பதிலாக, "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள்.

ஐந்து, ஏழு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அழுத முகத்தோடு நேரே வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, மணி அடிக்கச் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்து யாரும் "ஏன் அழுத?" என்று கேட்பதில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது, ஆனால் கேட்பதில்லை.

7. சின்ன மாற்றம், அதன் பிறகு வீடு

வகுப்பில் நீங்களே மாற்றக்கூடிய ஒன்றை முதலில் மாற்றுங்கள்: உட்காரும் இடம், ஒரு பொறுப்பு, பலகையில் எழுதச் சொல்வதற்குப் பதில் மேசையில் எழுதிக் காட்டச் சொல்வது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளைக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பி வருவதைக் கடினமாக்கும். முதல் நாள் சத்துணவு வரை வந்தால் போதும் என்று பேசி முடியுங்கள், பிறகு நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

பெற்றோரிடம் பேசும் முன் ஒருமுறையாவது நல்ல செய்தி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். டீச்சர் கூப்பிட்டாலே புகார் என்று பழகிய வீடு அது. பள்ளி வாசலில், மற்ற அம்மாக்கள் நடுவில் பேசாதீர்கள். நூறு நாள் வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போகும் அம்மாவுக்குச் சாயங்காலம் ஏழரைக்கு மேல் போன் செய்வது நல்லது. யாரிடம் பேசுவது என்பதையும் யோசியுங்கள். பல வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது அப்பத்தாதான்.

"மனநலம்", "கவுன்சிலிங்" என்று தொடங்கினால், "என் புள்ள என்ன பைத்தியமா?" என்று கோபம்தான் வரும். நான் இப்படித் தொடங்குவேன்: "அம்மா, பாப்பா நல்லாப் படிக்குது. ரெண்டு வாரமா சோறு மட்டும் சரியா எறங்க மாட்டேங்குது. வீட்டுல எப்படிச் சாப்பிடுது?" பிள்ளை சொன்னதை அப்படியே ஒப்பிக்காதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், மீதியை அம்மாவே சொல்லுவார். போனை வைக்கும் முன் ஒரே ஒரு காரியம் கேளுங்கள். சந்தை நாளில் பாப்பா அத்தை வீட்டில் சாப்பிடலாமா என்பதுபோல, செய்யக்கூடியதாக. அதோடு, "இத வெச்சுப் பாப்பாவத் திட்டிடாதீங்கம்மா, அது எதுவும் தப்புப் பண்ணல" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

8. உங்கள் கையை விட்டுப் போக வேண்டியவை

அன்றே செய்ய வேண்டியவை முதலில். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், "சின்னப் பிள்ளை பேச்சு" என்று விடாதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் தலைமை ஆசிரியரிடமும் வீட்டுப் பெரியவரிடமும் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் செய்யுங்கள். அடுத்து என்ன செய்வது என்று கேட்க 14416 இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலே போதும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று நீங்கள் விசாரிக்கத் தொடங்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளையைக் காயப்படுத்தும், வழக்கையும் கெடுக்கும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, பேச்சு வழக்கிலேயே, தேதி நேரத்தோடு எழுதிவைத்து 1098-ஐக் கூப்பிடுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் கேட்பது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்பது இரண்டும் கூடவே கூடாது. வீட்டில் பலமாக அடிபடுகிற பிள்ளைக்கும் 1098-தான்.

அவசரம் இல்லாதவை: இரண்டு மூன்று மாதம் முயன்றும் எழுத்து கூடாதது, வீட்டில் பேசி பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாதது, கற்றுக்கொண்டதை எல்லாம் இழந்து சின்னப் பிள்ளைபோல் ஆவது, உட்காரவே முடியாத துறுதுறுப்பு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து, வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். என்ன குறை என்று பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. "இவனுக்கு ஆட்டிசம்னு நெனைக்கிறேன்" என்று ஆசிரியர்கள் அறையில் போகிறபோக்கில் சொன்ன சொல் ஒரு பிள்ளையோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனைக்கு அனுப்பியதோடு உங்கள் வேலை முடிவதில்லை. போனார்களா, அடுத்த தேதி என்ன என்று நோட்டில் எழுதி, அந்தத் தேதிக்கு முந்தின நாள் நினைவூட்டுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம் அது.

9. ஆண்டு முடிவில் நோட்டை என்ன செய்வது

ஏப்ரல் கடைசியில் அடுத்த வகுப்பு ஆசிரியரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். எந்தப் பிள்ளைக்கு எது உதவியது என்று மட்டும் சொல்லுங்கள்: "ஜன்னலோரம் உக்கார வெச்சா எழுதுவான்", "சத்தமாக் கூப்பிட்டா பயப்படும், பக்கத்துல போய்ச் சொல்லுங்க." தாத்தா குடிப்பது போன்ற வீட்டுக் கதைகள் வேண்டாம். அவற்றைச் சொல்லலாமா என்று தீர்மானிக்க வேண்டியது அந்தப் பிள்ளை. மருத்துவமனையோ காவல் துறையோ சம்பந்தப்பட்ட பக்கங்களைத் தலைமை ஆசிரியரிடம் உறையிலிட்டுக் கொடுத்துவிட்டு, மற்றவற்றைக் கிழித்துச் சத்துணவு அடுப்பில் நீங்களே நின்று எரித்துவிடுங்கள். சமையலம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கேஸ் அடுப்பு வந்த பள்ளியாக இருந்தால், பொடிப்பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குழியில் போடுங்கள்.